டிரிம் கடைசிக் கேள்வியாக இருக்கட்டும்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்க நினைக்கும் நம்மவர்கள், ஃபோர்டு எஃப்-150இல் எந்த டிரிம், அதாவது எந்த வசதி நிலை வேண்டும், எக்ஸ்எல்டி போதுமா, அதைவிட உயர்ந்த லாரியட்டுக்குப் போய்விடலாமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. கேபின், பின்னால் சரக்கு ஏற்றும் பெட்டின் நீளம், எஞ்சின், பின் ஆக்சில் விகிதம் (இழுவையைப் பாதிக்கும் கியர் விகிதம்) ஆகியவை முடிவான பிறகே டிரிம்மைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

காரணம் எடை. வண்டியும் சுமையும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பதற்கு நிறுவனம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதில் வண்டியின் சொந்த எடை போக மிஞ்சுவதே நாம் ஏற்றக்கூடியது. கண்ணாடிக் கூரை, மோட்டாரில் நகரும் இருக்கைகள், பெரிய சக்கரங்கள், தானாக இறங்கும் படிப்பலகை என்று சேரச் சேர, அதிக விலை கொடுத்தவருக்குக் குறைந்த சுமைத்திறனே கிடைக்கிறது. கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கான ராப்டர் டிரிம் இதற்கு உச்சகட்ட உதாரணம்: 2021ஆம் ஆண்டு மாடலில் மற்ற எஃப்-150 வண்டிகள் தக்க எஞ்சினுடன் 14,000 பவுண்டு வரை இழுக்க, அவற்றுள் பலவற்றைவிட விலை கூடிய ராப்டரின் வரம்பு 8,200 பவுண்டுதான். பாலைவனத்தில் பாய்வதற்காக மென்மையாக்கப்பட்ட சஸ்பென்ஷனுக்குக் கொடுக்கும் விலை அது.

விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனை நம்பி டிரெய்லர் வாங்குவோர், அந்த எண்ணைக் கண்டறியும் சோதனையில் வண்டிக்குள் தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே இருப்பதாகக் கணக்கு என்பதை அறிவதில்லை. உண்மையான எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், மஞ்சள் பட்டையுள்ள ஒட்டுத்தாளில் இருக்கிறது. அது அந்த ஒரு வண்டிக்கே உரியது. அதில் ஆட்களும் சுமையும் சேர்ந்து 1,450 பவுண்டு வரை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 7,000 பவுண்டு டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்ச்சின் மேல் இறங்கும்; 13 சதவீதம் என்றால் 910 பவுண்டு போய்விட்டது. மிச்சமுள்ள 540 பவுண்டில் நான்கு பெரியவர்களை உட்கார வைப்பதே கடினம். கூலரையும் கட்டுச்சோற்றையும் எங்கே வைப்பது?

ஆகவே டிரெய்லர் இழுப்பவருக்கு எக்ஸ்எல்டியே போதும் என்பேன். மிச்சமாகும் பணத்தை டோயிங் பேக்கேஜ், டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், பெட்டைக் காக்கும் பெட்லைனர் ஆகியவற்றில் போடலாம். கட்டட வேலைக்கு அடிப்படை டிரிம்மான எக்ஸ்எல்லின் வினைல் தரை இன்னும் நல்லது. சேற்றைத் துடைத்துவிட்டால் போதும். சுமையே ஏற்றாமல் அலுவலகத்துக்கு ஓட்டுபவர் சொகுசு டிரிம்மான பிளாட்டினம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை, அவர் பணம் அவருடையது.

எடையைக் கொடுத்தாலும் தகும் என்று நான் கருதும் வசதி, பவர்பூஸ்ட் ஹைபிரிட்டில் கிடைக்கும் 7.2 கிலோவாட் மின்வழங்கி. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மின்சாரமின்றி உறைந்தபோது சிலர் இந்த டிரக்கைக் கொண்டே வீட்டு விளக்குகளையும் ஹீட்டரையும் இயக்கினார்கள்.

டீலரிடம் போகும்போது டெஸ்ட் டிரைவுக்கு முன்பே கதவைத் திறந்து அந்த ஒட்டுத்தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டிரிம், ஒரே நிறம் என்று அருகருகே நிற்கும் இரு வண்டிகளிலும்கூட, சேர்க்கப்பட்ட ஆப்ஷன்களைப் பொறுத்து அந்த எண் மாறும்.