பார்த்தீனியம் ஒரே நாளில் ஒழியாது

"ஊரே கூடி ஒரு ஞாயிறு பிடுங்கினால் போதும், பார்த்தீனியக் களை அத்தோடு ஒழிந்தது, வெறுங்கையே போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர் கூடுவது சரி. மற்ற இரண்டும் தவறு.

நன்றாக வளர்ந்த ஒரே செடி 15,000க்கும் மேல் விதை உதிர்க்கும். மண்ணுக்குள் போன விதை பல ஆண்டுகள் முளைக்கும் திறனோடு கிடக்கும். அதனால்தான் சுத்தம் செய்த இடம் அடுத்த மழைக்கே மறுபடி பச்சையாகிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும், மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும், அதுவும் பூக்கும் முன்பு. முளைத்து நான்கைந்து வாரத்திலேயே பூ வந்துவிடும் என்பதால் அவகாசம் குறைவு. பூத்ததைப் பிடுங்கி வரப்பில் குவித்தால் நாமே விதைத்த கதைதான்.

ஊர் சேர வேண்டியதும் இதனால்தான். உங்கள் நிலம் மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை. வாய்க்கால் தண்ணீரிலும் டிராக்டர் டயர் சேற்றிலும் பக்கத்து விதை வந்து சேரும். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாதீர்கள். அங்கே தகரைச் செடி அடர்ந்து வளர்ந்தால் பார்த்தீனியத்தை நெருக்கிவிடும்.

அப்புறம் அந்த வெறுங்கை விஷயம். இந்தச் செடியிலுள்ள பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் தோலில் கடும் அழற்சி உண்டாக்கும், மகரந்தம் சிலருக்கு மூச்சிரைப்பு தரும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.