நள்ளிரவில் காற்றடித்தவருக்கு ஒரு வாழ்த்து மடல்

டெக்சாஸின் கார்னர் ஸ்டேட் பார்க்கில் வெள்ளிக்கிழமை இரவு எங்களுக்கு அடுத்த இடத்தில் கூடாரம் அடித்த பெருமகனார் நீடூழி வாழ்க. அவருடைய காற்று மெத்தை அவரைவிட நீடூழி வாழ்க. அது ஒரே ஓர் இரவு, ஒரே மூச்சில் விடியும்வரை உயிரோடு இருந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

ஆற்றோரமாக ஓர் இடம் பிடிப்பதற்குப் படவேண்டிய பாட்டை டெக்சாஸில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும் என்பதால், ஏப்ரல் மாதத்துத் தூக்கத்துக்காக நவம்பரிலேயே, தட்கல் டிக்கெட் எடுப்பவனைப் போல இரண்டு திரைகளைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்து வாங்கிய இடம் அது. ஹூஸ்டனிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். பிற்பகலில் ஓல்டு பால்டி குன்றில் மூச்சிரைக்க ஏறி இறங்கி, சைப்ரஸ் மரங்களின் வேர்களில் உட்கார்ந்து ஃபிரியோ ஆற்றில் கால்களை நனைத்தோம். ஃபிரியோ என்றால் ஸ்பானிய மொழியில் குளிர் என்று பொருள். ஊற்று நீரால் ஓடும் அந்த ஆறு பெயருக்குக் குறை வைக்கவில்லை, கணுக்கால் மரத்துப்போய்விட்டது. எல்லாம் நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததைப் பற்றி எழுதும் மனநிலையில் நான் இப்போது இல்லை.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த விதியை மதித்து நாங்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு படுத்திருந்தபோது, 11.40 மணிக்கு ஒரு பிக்கப் டிரக் வந்து நின்று, தன் முகப்பு விளக்குகளை எங்கள் கூடாரத்தின்மேல் பாய்ச்சியது. நிழற்கூத்துத் திரைக்குப் பின்னால் படுத்திருக்கும் பொம்மைகளைப் போலக் கிடந்தோம். ஓர் இடத்தில் 8 பேர் வரை தங்கலாம். வந்தவர்கள் நால்வர்தான், ஆனால் எண்மருக்குரிய ஓசையைக் குறைவின்றி எழுப்பினார்கள். கம்பிகள் விழுந்தன, கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன, முளையடிக்கும் சுத்தியல் எங்கே என்று ஒருவரையொருவர் நெடுநேரம் விசாரித்துக்கொண்டார்கள். போகட்டும், தாமதமாக வருவது எல்லோருக்கும் நேர்வதுதானே என்று நானும் பெரிய மனது பண்ணிக் கண்களை மூடினேன்.

12.05 மணிக்குப் பம்பு முழங்கியது. மிக்ஸியில் காய்ந்த மிளகாயைப் போட்டு மூடியை அழுத்திப் பிடித்தால் எழுமே, அந்த ஓசை. அது டிரக்கிலிருந்து மின்சாரம் எடுக்கும் வகை என்பதால் எஞ்சினும் சேர்ந்து உறுமியது. நான்கு நிமிடம் கழித்து நின்றது. மெத்தையில் ஆள் புரளும்போது ரப்பர் கிறீச்சிடும் ஒலி கேட்டது. அதன்பின் ஆற்றின் சலசலப்பு மட்டும். ஆகா, முடிந்தது என்று நினைத்தேன்.

1.20 மணிக்கு மீண்டும் முழங்கியது. மெத்தை இளைத்துவிட்டதாம். 2.35 மணிக்கு மூன்றாம் முறையாக முழங்கியபோது எனக்கு ஒரு பேருண்மை புலப்பட்டது: இந்த மெத்தைக்கு 75 நிமிடங்களே ஆயுள். பம்பு ஓடும் நான்கு நிமிடங்கள்கூடப் பெரிதில்லை. அது ஓடாத 71 நிமிடங்களில், அடுத்து எப்போது ஓடுமோ என்று செவியைத் தீட்டிக்கொண்டு கிடப்பதுதான் கொடுமை. என் மனைவியோ பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

பொறுத்தது போதும் என்று டார்ச்சுடன் வெளியே வந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் இலக்கணப் பிழையின்றி மனத்துக்குள் மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தேன். வழியில் ஏதோ பிளாஸ்டிக் காலில் தட்டுப்பட, குப்பையையும் இங்கேயே போடுகிறார்களா என்ற ஆத்திரத்தில் அதை எட்டி உதைத்துவிட்டுப் போய் நின்றேன். அந்த மனிதர் முழங்காலிட்டு, மெத்தையின் வாயில் பம்பைச் செருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, "மன்னிச்சுக்குங்க நண்பரே, இதோ முடிஞ்சிடுச்சு" என்றார். சென்னையில் பாதி வழிகூட வராதவர் தொலைபேசியில் சொல்லும் அதே "இதோ". கூடவே ஒரு பொட்டலம் மார்ஷ்மெல்லோவை நீட்டினார். ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டையிலேயே கரைந்துபோக, நன்றி சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். திட்டப் போன வீட்டில் காபி குடித்துவிட்டு வரும் இந்தப் பரம்பரைக் குணத்தை என்ன செய்வது?

3.50 மணிக்கு நான்காம் முறை. அதற்கு முந்தைய அரை நிமிடத்தில் நானே கீழெண்ணிக்கை தொடங்கிவிட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். 5.05 மணிக்கு ஐந்தாம் முறை. டெக்சாஸைத் தவிர உலகில் வேறெங்கும் கூடு கட்டாத, முதிர்ந்த ஜூனிபர் மரப்பட்டையை உரித்துச் சிலந்தி நூலால் கட்டிக் கூடமைக்கும் பொற்கன்னக் குருவியின் பாட்டை விடியலில் கேட்க வேண்டும் என்பது இந்தப் பயணத்தில் எனக்கிருந்த ஒரே ஆசை. விடியும் நேரத்தில் அது பாடியிருக்கிறது. நான் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தேன். பாட்டைக் கேட்டவள் என் மனைவி. "என்ன ஒரு அமைதிங்க இந்த இடம், வீட்ல கூட இப்படித் தூங்கினதில்ல" என்று அவளே சொன்னாள்.

காலையில் பல் துலக்கப் போகும்போது, எங்கள் மேசைக் காலடியில் சரளைக்கல் நடுவே அது கிடந்தது. கட்டைவிரல் பருமனில், நீல நிறத்தில், ஒரு வால்வு மூடி. அது இல்லாவிட்டாலும் உள்ளேயிருக்கும் சிறு தடுப்பு காற்றை ஒரேயடியாக விடாமல் மெல்ல மெல்லக் கசியவிடும். கணக்காக 75 நிமிடங்களுக்கு. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, இராத்திரி முழுக்கத் தங்கள் பக்கத்திலேயே டார்ச் அடித்துத் தேடியதாகவும், இது எப்படி அவ்வளவு தூரம் உருண்டு வந்தது என்பது புரியவில்லை என்றும் வியந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. 2.35 மணிக்கு என் வலது கால் உதைத்த குப்பை அதுதான்.

வாயைத் திறக்காமல் நின்றேன். அவர் என் தோளைத் தட்டி, "நேத்து ராத்திரியே நீங்க இதைப் பார்த்திருக்கக் கூடாதா?" என்றார். அடக்க முயன்றும் முடியாமல் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எதற்கென்றே தெரியாமல் என் மனைவியும் சிரித்தாள்.