கிராம் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை

போன வருடம் அப்பா வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு ஐசியூவில் இருந்தார். காயம் தேறிக்கொண்டு வந்த நேரத்தில், வென்டிலேட்டர் போட்ட ஆறாவது நாள், காய்ச்சல். குழாய் வழியாகச் சளி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். மறுநாள் தம்பி போனில் "கிராம் நெகட்டிவ்னு வந்திருக்கு" என்றான். பக்கத்திலிருந்த சித்தப்பா "நெகட்டிவ்தானே, அப்ப ஒண்ணும் இல்லடா" என்றார். நாங்களும் நம்பி அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

அது சாயத்தின் கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. 1884-இல் பெர்லினில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் கண்டுபிடித்த முறை. ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் விட்டு, ஆல்கஹாலில் கழுவினால் சில பாக்டீரியாவில் ஊதா நிற்கும், அது பாசிட்டிவ். சிலவற்றில் கழுவிக்கொண்டு போய்விடும், அது நெகட்டிவ். நெகட்டிவ் ரகத்துக்குச் சுவர் மெல்லிசு, ஆனால் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. வில்லங்கமே அந்தச் சவ்வுதான். பல மருந்துகள் அதைத் தாண்டி உள்ளே போவதில்லை, போனதையும் கிருமி பம்பு வைத்து வெளியே தள்ளிவிடும்.

இரண்டு நாள் கழித்து, சளியில் இருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா நிமோனியே என்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியா. கீழே நீளமாக மருந்துப் பெயர்கள், கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் எதிரே 'ஆர்', அதாவது ரெசிஸ்டன்ட், மருந்து கேட்காது. மெரோபெனம் என்ற பலமான ஆன்டிபயாடிக் கூடக் கேட்கவில்லை. கடைசியில் கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஓரங்கட்டிய பழைய மருந்து, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள். சிறுநீரகம் தாங்குகிறதா என்று காட்டும் ஒவ்வொரு கிரியேட்டினின் ரிசல்ட்டுக்கும் நாங்கள் காத்திருந்தது தனிக்கதை.

இதில் ஆஸ்பத்திரியை மட்டும் திட்டிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. கை கழுவாமல் அப்பாவைத் தொட்டவர்களில் நானும் ஒருவன். தவிர, கிளெப்சியெல்லா ஆஸ்பத்திரியில் மட்டும் இருப்பதில்லை, நம் குடலிலேயே சும்மா குடியிருக்கும். சளி பிடித்தால் மெடிக்கலில் "அண்ணே, ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போடுகிறோமே, சாதாரண சளி வைரஸால் வருவது, அதை அந்த ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. குடலில் இருப்பதில் மருந்துக்கு அடங்குவதைக் கொன்று, அடங்காததற்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கும். அடங்காதது தன் வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் மரபணுவாகக் கைமாற்றி விடும்.

பெயரிலேயே 'நியூ டெல்லி' உள்ள என்டிஎம்-1 என்ற பாக்டீரியா நொதியின் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? 2010-இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. மெரோபெனம் வகை மருந்துகளையே உடைத்துப்போடும் அந்த நொதியின் மரபணு, சென்னையில் எடுத்த கிருமிகளில் மட்டும் 44-இல் இருந்தது. நாம் என்ன செய்தோம்? பெயரில் 'நியூ டெல்லி' எப்படி வரலாம் என்று சண்டை போட்டோம். பெயர் வைத்தது எனக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் அந்தக் கோபத்தில் பாதி கிருமி மேல் வந்திருக்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச்சிலிருந்து ஹெச்1 பட்டியல் நடப்பில் இருக்கிறது. அதிலுள்ள செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, சீட்டோடு விற்றாலும் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் தனி நோட்டில் ஏற வேண்டும். என் பெயரை இதுவரை எந்தக் கடையிலும் கேட்டதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஐசியூவில் நிமோனியா என்றால் "என்ன மருந்து, எவ்வளவு ஆகும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். சளி கல்ச்சர் அனுப்பியாயிற்றா, என்ன வளர்ந்தது, எந்த மருந்து கேட்கும் என்று கேளுங்கள். டாக்டர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அப்பா இப்போது வாசல்வரை நடக்கிறார். சித்தப்பாவுக்குப் போன வாரம் இருமல். மெடிக்கலில் வாங்கிய செஃபிக்ஸிம் அட்டையில் நாலு போட்டுவிட்டு, மீதியை அடுத்த தடவைக்கு ஆகுமென்று ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார்.