தேதி தானாக வருகிறதா, யாராவது தேர்ந்தெடுக்கிறார்களா?

ஒவ்வொரு டிசம்பரிலும் தவறாமல் எனக்கு வந்து சேரும் வாட்ஸ்அப் செய்தி ஒன்று உண்டு. குஜராத் நிலநடுக்கம் 2001 ஜனவரி 26, ஈரானின் பாம் நகர நிலநடுக்கம் 2003 டிசம்பர் 26, சுனாமி 2004 டிசம்பர் 26, மும்பைத் தாக்குதல் 2008 நவம்பர் 26 என்று அடுக்கிவிட்டு, 26 என்ற எண்ணுக்கும் பேரழிவுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியோடு அது முடியும். அதில் உள்ள தேதிகள் அத்தனையும் சரியானவை என்பதால், பொய்ச் செய்தி என்று சொல்லி ஒதுக்கிவிடவும் முடிவதில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுக்குச் சராசரியாக 15 நிகழ்கின்றன. 20 ஆண்டுகளுக்கு 300 ஆகிறது. அதை மாதத்தின் 30 தேதிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு தேதிக்கும் ஏறத்தாழ 10 விழும். 26-க்குப் பதிலாக 11-ஐ எடுத்திருந்தாலும் பட்டியல் நிரம்பியிருக்கும்: 1973 செப்டம்பர் 11 சிலி ராணுவப் புரட்சி, 2001 செப்டம்பர் 11 நியூயார்க், 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகள், 2011 மார்ச் 11 ஜப்பான் சுனாமி. அந்த எண்ணுக்கும் தனியே ஒரு செய்தி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் தற்செயல் என்று தள்ளிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. மீண்டும் மீண்டும் வரும் ஒரு தேதியைக் கண்டால், அந்த நாளை யாராவது தேர்ந்தெடுத்தார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. நிலநடுக்கத்திடம் அதைக் கேட்க முடியாது. அரசுகளிடமும் கட்சிகளிடமும் கேட்க முடியும்.

இதற்கு ஜெர்மனியின் நவம்பர் 9-ஐ விடப் பொருத்தமான நாள் வேறொன்று இல்லை. 1848-இல் அதே நாளில்தான் ஜனநாயகவாதியான ராபர்ட் புளூம் வியன்னாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1918-இல் மன்னரின் பதவி விலகல் அறிவிக்கப்பட்டு, பிலிப் ஷைடமன் பெர்லினில் குடியரசைப் பிரகடனம் செய்தார். 1923-இல் மியூனிக் நகரில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டது. 1938-இல் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது. வரிசையாகப் படிப்பவருக்கு விதி என்ற சொல் நாவில் வந்து நிற்பது இயல்புதான்.

இவற்றுள் எது எதனோடு உண்மையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது? 1918-இல் பிறந்த குடியரசின் மீதான பகைதான் 1923 முயற்சிக்குத் தூண்டுகோல். அந்தக் குடியரசை உருவாக்கியவர்களை நாஜிகள் 'நவம்பர் குற்றவாளிகள்' என்றே ஏசி வந்தார்கள். 1923-ஐயும் 1938-ஐயும் பிணைக்கும் கயிறு இன்னும் வலுவானது. தோற்றுப்போன அந்த முயற்சியின் நினைவு நாளைக் கொண்டாட ஆண்டுதோறும் மியூனிக்கில் கூடுவது நாஜித் தலைவர்களின் வழக்கம். 1938-இலும் அவர்கள் அவ்வாறு கூடியிருந்த மாலையில்தான், பாரிஸில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்தது. கோயபல்ஸ் வெறியூட்டும் உரையை நிகழ்த்த, வன்முறை நாடெங்கும் பரவியது. நினைவு நாள் என்ற ஒன்று இல்லாதிருந்தால், அத்தனை பேரும் அன்று மாலை ஒரே கூடத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

1989-இன் கதையோ முற்றிலும் வேறு. எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். கிழக்கு ஜெர்மனியின் புதிய பயண விதிமுறைகள் நவம்பர் 10 அதிகாலை 4 மணிக்குத்தான் வெளியாக வேண்டியிருந்தன. முந்தைய நாள் மாலை செய்தியாளர் சந்திப்பில் அமர்ந்திருந்த, ஆளும் கட்சியின் பேச்சாளரான குந்தர் ஷபோவ்ஸ்கியிடம் அந்தக் காகிதம் இருந்தது. அந்த விவரம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எப்போதிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்று கேட்டபோது, காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார். மக்கள் சோதனைச் சாவடிகளில் திரண்டார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் போர்ன்ஹோல்மர் தெருவின் தடுப்பு திறக்கப்பட்டது. அவர் அந்தக் காகிதத்தை முன்பே ஒழுங்காகப் படித்திருந்தால், சுவர் திறந்த நாளாக வரலாறு வேறொரு தேதியைக் குறித்திருக்கவும் கூடும். (விதி என்று எதையாவது சொல்லியே தீர வேண்டுமென்றால், இந்தக் கவனக்குறைவையே சொல்லலாம்.) இணைந்த ஜெர்மனி தன் தேசிய நாளாக அக்டோபர் 3-ஐ ஏற்றது, 1938-இன் நினைவு படிந்த நாளில் கொண்டாட்டம் நடத்த முடியாது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட தேதிகள் வேறு பலவும் உண்டு. நெப்போலியன் 1804 டிசம்பர் 2-இல் முடிசூடி, மறு ஆண்டு அதே நாளில் ஆஸ்டர்லிட்ஸ் போரில் வென்றார். அவருடைய தம்பி மகனான லூயி நெப்போலியன், 1851-இல் ஆட்சியைக் கைப்பற்ற அந்த நாளையே பார்த்து எடுத்தார். இந்தியாவின் சுதந்திரத்துக்கு ஆகஸ்ட் 15 என்று மவுண்ட்பேட்டன் நாள் குறித்தது, ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு நாள் என்பதற்காகத்தான்.

நாட்காட்டியே செய்துவைக்கும் வித்தையும் ஒன்று இருக்கிறது. கலிலியோ இறந்த 1642-ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று வியந்து சொல்வார்கள். இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அதன்படி நியூட்டன் பிறந்தது டிசம்பர் 25. கலிலியோவின் மரணத்தைக் குறிக்கும் கிரிகோரியன் நாட்காட்டியில் அதே நாள் 1643 ஜனவரி 4 ஆகிவிடுகிறது.

கடைசியாக அந்த 26-ஆம் தேதிப் பட்டியலுக்கே வருகிறேன். இந்திய அரசியலமைப்பு ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26. 1930 ஜனவரி 26-இல் காங்கிரஸ் கடைப்பிடித்த பூரண சுயராஜ்ய நாளின் நினைவாகவே, இரண்டு மாதம் காத்திருந்து 1950 ஜனவரி 26-இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இந்த மூன்று தேதிகளையும் சேர்த்துத்தான் சென்ற டிசம்பரில் அந்தச் செய்தியை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பினேன். அவர் அதற்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த குழுவில் பழைய பட்டியலையே பகிர்ந்திருந்தார்.