வந்த அன்றைக்கே சாகடித்துவிட்டு "மறுபடி வாங்க" என்றால் யார் வருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம் பலகை விளையாட்டுக் குழுவில் புதியவர்களோடு ஹீரோக்வெஸ்ட் ஆடியபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் குழுவில் "ஹீரோக்வெஸ்ட்னா அப்படித்தான், தாங்கறவங்க வரட்டும்" என்ற பதிலைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

புதியவர்களுக்கு முதல் சாகசம் எதற்கு? அவர்கள் அடுத்த வாரமும் வர வேண்டும் என்பதற்கு. வேறு எதற்கும் இல்லை.

வந்த நாலு பேரும் டன்ஜன் விளையாட்டையே, அதாவது ஹீரோக்களாக நிலவறைக்குள் போய் அரக்கர்களோடு சண்டைபோடும் ஆட்டத்தையே, அன்றுதான் பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்த சாகசம் 'த ட்ரையல்'. எலும்புக்கூடு, ஜாம்பி, மம்மி, போதாததற்கு வெராக் என்ற கார்காயில், சிறகு முளைத்த கல் அரக்கன். கார்காயிலுக்குத் தாக்க நாலு பகடை. ஒவ்வொன்றிலும் பாதிப் பக்கம் மண்டையோடு. மந்திரவாதிக்கு உயிரே மொத்தம் நாலு புள்ளி, தடுக்க ரெண்டு பகடை. மந்திரவாதியாக ஆடிய பெண் கையில் ஒன்பது மந்திர அட்டை இருந்தது. எதை எப்போது போடலாம் என்று யாராவது சொன்னோமா? கதவைத் திறந்தார், அடி வாங்கினார், செத்தார். அப்புறம் கடைசிவரை மற்றவர்கள் பகடை உருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"புத்தகத்துல அதுதானே முதல்ல இருக்கு" என்கிறீர்கள். 1989-இல் பிரிட்டனில் வந்த பதிப்பில் முதலில் இருந்தது 'த மேஸ்'. வெளியே போக வழி தேடுவதுதான் வேலை, முதலில் வெளியேறுபவருக்கு 100 பொற்காசு. ட்ரையல் அதற்கு அடுத்தது. அமெரிக்கப் பதிப்பில்தான் மேஸ் போய் ட்ரையல் முதலில் வந்தது. அந்த வரிசை ஒன்றும் வேதவாக்கு இல்லை.

குளூம்ஹேவன் என்ற இன்னொரு டன்ஜன் விளையாட்டிலும் இதே கதைதான். 2017-இல் வந்த பெட்டியில் முதல் சாகசம் 'பிளாக் பேரோ'. புதியவர்கள் ஒருமுறை போட்டால் திரும்பாத நல்ல அட்டைகளை ஆரம்பத்திலேயே தீர்த்துவிட்டு, கடைசி அறைக்குப் போகும்போது வெறுங்கையோடு நிற்பார்கள். அதை உருவாக்கிய ஐசக் சில்ட்ரஸே 2020-இல் அதே வரிசையில் 'ஜாஸ் ஆஃப் த லயன்' கொண்டுவந்தபோது, முதல் ஐந்து சாகசங்களில் விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தருகிறார். அவருக்கே அது கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை. நமக்கு என்ன வந்தது?

ஆபத்தே இல்லாவிட்டால் சுவாரஸ்யம் இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயப்பட வைப்பது வேறு, பாதியில் ஓரமாக உட்கார வைப்பது வேறு.

என் அத்தானுக்கு நான் கற்றுக்கொடுத்தது நானே அமைத்த மூன்று அறைகளில். சில கோப்ளின்கள், ஒரு ஆர்க் என்று எளிய அரக்கர்கள், ஒரு பெட்டி. பார்பேரியன் என்ற வீரனின் மூன்று பகடையை உருட்டி முதல் கோப்ளினைச் சாய்த்ததும் மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அடுத்த ரூம்ல என்ன இருக்கு?" என்று அவரே கேட்டார். பிறகு ட்ரையலில் எல்லோரும் செத்தோம். "இன்னொரு தடவை" என்று முதலில் சொன்னதும் அவர்தான்.

இதைச் சொன்னால் "நீங்க ஊட்டி விடுறீங்க" என்று பேச்சு. ஊட்டித்தான் விடுகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. இந்தக் குழுவில் ஏன் எப்போதும் அதே முகங்கள்? வந்த பெண்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள்? நான் முதன்முதலில் வந்தபோதும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. பிடிவாதத்தில்தான் தங்கினேன். எல்லோருக்கும் அந்தப் பிடிவாதம் இருந்தே ஆக வேண்டுமா?

அடுத்த முறை புதியவர்கள் வந்தால் அரக்கர்களை இயக்கி ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் வேலையை என்னிடம் கொடுங்கள். அது முடியாதென்றால், செத்தவர் கையில் உடனே இன்னொரு ஹீரோ அட்டையையாவது கொடுங்கள்.