சாவுப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தை நம்புவது?

லண்டன் காலரா கதை மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. ஒரு டாக்டர் வரைபடம் போட்டார், அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார், காலரா ஓடிப்போச்சு என்று நாலு வரியில் முடியுமே, அதேதான். அந்த டாக்டர் ஜான் ஸ்னோ பெரிய ஆள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வரைபடம் வந்தது காலரா ஓய்ந்த பிறகு. கைப்பிடியைக் கழற்றியது 1854 செப்டம்பர் 8. அதற்கு முன்பே சாவு குறையத் தொடங்கிவிட்டது, ஓட முடிந்தவர்கள் எல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருந்தார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் டாக்டர் இல்லை, இறப்புப் பதிவேடு. அதிலும் என் கட்சி கொஞ்சம் விசித்திரமானது. அந்தப் பதிவேட்டில் பெரிய மனிதர்கள் எல்லாரும் மல்லுக்கு நின்றது 'இறப்புக் காரணம்' என்ற ஒரே கட்டத்துக்காக. உருப்படியான சேதி சொன்னதோ, யாரும் சீந்தாத இரண்டு கட்டங்கள்: எங்கே செத்தார், என்ன தொழில்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். அன்றைய இங்கிலாந்தில் பேரிஷ் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) என்பது கோயில் காரியத்தோடு நின்ற அமைப்பு இல்லை. ஏழைகளுக்கான வரி, தெரு, சாக்கடை என்று ஊர் நிர்வாகத்தில் பாதி அதன் தலையில்தான் இருந்தது. ஆனால் 1813 முதல் அச்சடித்துக் கொடுத்த அடக்கப் பதிவேட்டில் இருந்தவை பெயர், இருப்பிடம், புதைத்த நாள், வயது, சடங்கு நடத்திய குருவானவரின் கையெழுத்து, அவ்வளவுதான். எதனால் செத்தார் என்று எழுத இடமே கிடையாது. அந்தக் கட்டம் வந்தது 1837 ஜூலை 1 அன்று, அரசாங்கமே பிறப்பு இறப்பைப் பதிய ஆரம்பித்தபோது.

கட்டம் வந்துவிட்டது. அதை நிரப்பியது யார்? பெரும்பாலும் செத்தவர் பக்கத்தில் இருந்த ஆள். மனைவியோ, மகளோ, மாடிவீட்டுக்காரியோ பதிவாளரிடம் போய்ச் சொல்வார். அவர் எழுதிக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டுவிட்டு வருவார். டாக்டர் கொடுக்கும் சான்று கட்டாயமானது 1874 சட்டத்தில்தான். அதனால் பழைய பக்கங்களில் 'பலவீனம்', 'இழுப்பு', 'பல் முளைத்தது' என்றெல்லாம் கிடக்கும். பல் முளைத்துச் செத்த குழந்தை! அதற்குப் பின்னால் கெட்டுப்போன பால் இருந்ததா, அபின் கலந்த தூக்க மருந்து இருந்ததா, யாருக்குத் தெரியும்?

டாக்டர்கள் மட்டும் யோக்கியமா? பிரசவத்தில் செத்த பெண்ணுக்கு 'வயிற்று அழற்சி' என்று எழுதிவிட்டுப் பிரசவம் என்ற சொல்லையே விட்டுவிடுவார்கள். பிரசவ ஜன்னியை அவர்களே கைகளில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்ததே.

இந்தக் குப்பையை ஒழுங்குபண்ண உட்கார்ந்தவர் வில்லியம் ஃபார். விவசாயக் கூலியின் மகன். தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் புள்ளிவிவரம் தொகுக்கும் வேலை. 1837இன் பின்பாதிக்கான கணக்கில் 63 சாவுகளைப் 'பட்டினி' என்ற தலைப்பில் போட்டார். லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகளில் 63. அதற்கே எட்வின் சாட்விக் கொதித்துப்போனார். அவர் ஏழைகள் சட்ட ஆணையத்தின் செயலாளர். 1834இல் வந்த புதுச் சட்டத்தின்படி, உடம்பில் வலுவிருந்தும் கையேந்துகிறவன் ஏழையர் விடுதிக்குள் போனால்தான் கஞ்சி. அப்படியொரு சட்டத்தை நடத்துகிற ஆளிடம் போய், நாட்டில் ஜனம் பட்டினியில் சாகிறது என்று அரசாங்கத்தின் இன்னொரு அலுவலகம் அச்சில் போட்டால்? அந்த 63இல் தாய்ப்பால் கிடைக்காத சிசுக்களும் உண்டு, பட்டியல் சரியில்லை என்று எழுத்தில் சண்டை நடந்தது. ஃபாரின் நிலைப்பாடு எளிமையானது: பதிவேடு காட்டுவதைவிடப் பசி கொல்வது அதிகம், ஆனால் அது வேறு நோயின் பெயரில்தான் வரும்.

வேடிக்கை என்னவென்றால், அதே சாட்விக், உழைக்கும் மக்களின் சுகாதாரம் பற்றிய தன் 1842 அறிக்கையில் இந்தப் பதிவேட்டின் தொழில் கட்டத்தை எடுத்துக்கொண்டு விளாசுகிறார். கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் செத்துப்போன கனவான்களின் சராசரி வயது 45, கூலிக்காரர்களுடையது 16. கணக்காகப் பார்த்தால் இது ஓட்டையானது. குழந்தைகள் நிறையப் பிறக்கிற இடத்தில் சராசரி தானே கீழே விழும். ஆனால் படித்தவன் தூக்கம் கெட்டது உண்மை. பசி என்று எழுதினால் சண்டைக்கு வந்த மனிதர், கூலி என்று எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டார்!

சரி, காலரா கதை நடந்த லண்டன் சோஹோ பகுதிக்கு வருவோம். செயின்ட் ஜேம்ஸ் பேரிஷ், பிராட் தெரு, 1854 ஆகஸ்ட் 31 இரவு. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் போனார்கள். ஸ்னோ முதலில் செய்தது, பதிவாளர் அலுவலகத்தில் போய்ப் பட்டியல் கேட்டது. அந்த வாரத்தின் கடைசி மூன்று நாளில் மட்டும் 83 சாவு. வீடுகளைப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே பிராட் தெரு பம்பைச் சுற்றி. வேறு பம்புக்குப் பக்கத்தில் இருந்தவை பத்துதான். அந்தப் பத்தில் ஐந்து குடும்பம், எங்களுக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும், ஆளனுப்பி எடுப்போம் என்றது. இன்னும் மூன்று, அந்தப் பம்பின் அருகே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்.

பதிவேட்டில் செத்தவர்தான் வருவார். சாகாதவரைத் தேட நடக்க வேண்டும். போலந்து தெரு ஏழையர் விடுதியில் 535 பேர், காலராவில் செத்தது 5. அங்கே சொந்தக் கிணறு. தெருவிலேயே இருந்த பீர் ஆலையில் 70க்கு மேல் ஆட்கள், ஒரு சாவு இல்லை. பீர் இலவசமாகக் கிடைக்கும்போது தண்ணீரை யார் குடிப்பார்கள் என்பதுதான் முதலாளி சொன்னதன் சாரம்.

இனி நான் திரும்பத் திரும்பப் படிக்கிற ஒரு வரி. வாராந்திர இறப்புப் பட்டியலில், ஹாம்ப்ஸ்டெட் பகுதி, வெஸ்ட் எண்ட், செப்டம்பர் 2: துப்பாக்கி கேப் (வெடியைப் பற்றவைக்கும் சின்ன மூடி) செய்பவரின் விதவை, வயது 59, வயிற்றுப்போக்கு இரண்டு மணி நேரம், காலரா பதினாறு மணி நேரம். அவ்வளவுதான். அந்த அம்மாவின் பெயர்கூட இல்லை. பொம்பளைக்கு என்ன தனித் தொழில், புருஷன் தொழிலை எழுதினால் போதும் என்ற வழக்கம். ஹாம்ப்ஸ்டெட்டோ மேட்டுப்பகுதி, நல்ல காற்று, அந்தப் பக்கம் அப்போது காலராவே இல்லை. ஆனால் துப்பாக்கி கேப் தொழிற்சாலை இருந்தது பிராட் தெரு 37ஆம் எண்ணில். வேலையாட்களுக்காக இரண்டு தொட்டியில் அந்தப் பம்புத் தண்ணீரை நிரப்பி வைப்பார்கள், அங்கே மட்டும் 18 பேர் செத்திருந்தார்கள். ஸ்னோ அந்த அம்மாவின் மகனிடம் விசாரித்தார். அம்மாவுக்கு அந்தத் தண்ணீரின் ருசி விடவில்லை. தினமும் வெஸ்ட் எண்டுக்குப் போகிற வண்டியில் ஒரு பாட்டில் போகும். வியாழக்கிழமை போன பாட்டிலை அன்று சாயங்காலமும் மறுநாளும் குடித்தார், சனிக்கிழமை முடிந்துவிட்டது. பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் அதையே குடித்துவிட்டு இஸ்லிங்டனில் தன் வீட்டுக்குப் போய்ச் செத்தாள். ஸ்னோவுக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்கவில்லை. பெண்ணுக்குப் புருஷன் தொழிலையே எழுதிய ஒரு மட்டமான வழக்கம்தான் இந்த இடத்தில் பிராட் தெருவைச் சுட்டியது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அடுத்தது, பெரும்பாலும் கதையில் விட்டுப்போகிற ஆள். ஹென்றி வைட்ஹெட், பெர்விக் தெரு செயின்ட் லூக் கோயிலின் இளம் உதவிக் குரு. தன் சபையின் வீடுகளில் நாள்பூராவும் நின்றவர். தண்ணீர் வழியாகத்தான் காலரா பரவுகிறது என்று ஸ்னோ சொல்வது தப்பு என்று நிரூபிக்கத்தான் விசாரிக்கவே ஆரம்பித்தார். வீடு வீடாக, சில வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். கடைசியில் ஸ்னோ பக்கம் வந்துவிட்டார். அதற்குப் பிறகு பதிவேட்டைப் புரட்டும்போது கண்ணில் பட்டது இது: பிராட் தெரு 40ஆம் எண், செப்டம்பர் 2, ஐந்து மாதப் பெண் குழந்தை, இறப்பதற்கு நாலு நாள் முன்பு வந்த வயிற்றுப்போக்குக்குப் பின் சோர்வு.

காரணக் கட்டத்தில் காலரா என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். காலரா சாவுகளை மட்டும் பொறுக்கியிருந்தால் இந்த வரி கைக்கே வந்திருக்காது. அவரை நிறுத்தியது முகவரியும் தேதியும். 40ஆம் எண் வீட்டு வாசலில்தான் பம்பு. ஊர் விழுவதற்கு முன்பே அந்தக் குழந்தை படுத்துவிட்டது. வைட்ஹெட் தாயிடம் போய்க் கேட்டார். பீத்துணி அலசிய தண்ணீரை வீட்டு முன்பக்க மலக்குழியில் ஊற்றினேன் என்றாள். தோண்டிப் பார்த்தால் செங்கல் எல்லாம் உளுத்துப்போய், குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை. குழந்தையின் அப்பா போலீஸ்காரர். அவருக்கு நோய் கண்டது செப்டம்பர் 8, கைப்பிடியைக் கழற்றிய அதே நாள். அவரும் பிழைக்கவில்லை. அவருடைய அழுக்கும் அதே குழிக்குத்தான் போயிருக்கும், கைப்பிடி இருந்திருந்தால் ஊர் அதை மறுபடி குடித்திருக்கும். கைப்பிடியால் என்ன பிரயோஜனம், சாவுதான் குறைந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

முகவரிக் கட்டத்துக்கும் ஓட்டை உண்டு, மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன ஏழை அங்கே செத்தால், செத்த இடம் ஆஸ்பத்திரி. விடுதியில் செத்தால் விடுதி. அவன் எந்தத் தெருத் தண்ணீரைக் குடித்தான் என்பது அவனோடு போய்விடும்.

ஃபாரிடம் எனக்குப் பிடித்தது, தான் நம்பியதற்கு எதிராகவும் கட்டம் போடத் தயங்காதது. காலராவுக்குக் கெட்ட காற்றுதான் காரணம் என்றும், தேம்ஸ் மட்டத்திலிருந்து மேடேற ஏறச் சாவு குறையும் என்றும் 1849 கணக்கை வைத்து விதியே எழுதியவர் அவர். அப்படியிருந்தும் ஸ்னோ கொண்டுவந்து காட்டியதைப் பார்த்து, தென் லண்டனில் காலராச் சாவு நடந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று விசாரித்து எழுதும்படி பதிவாளர்களுக்கு 1854 ஆகஸ்ட் 26 முதல் சொல்ல வைத்தார். பல பேருக்குத் தங்கள் கம்பெனி பெயரே தெரியாது, பில் கட்டுவது வீட்டுக்காரன். ஸ்னோ தண்ணீரைப் பிடித்து உப்புச் சோதனை செய்து கண்டுபிடித்தார். முதல் ஏழு வாரத்தில் பத்தாயிரம் வீட்டுக்கு சவுத்வார்க் வாக்ஸ்ஹால் கம்பெனியில் 315 சாவு, தேம்ஸில் ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்துக்கு மேலே போய்த் தண்ணீர் எடுத்த லாம்பெத் கம்பெனியில் 37.

1866இல் கிழக்கு லண்டனில் காலரா கிளம்பியபோது ஃபார் காற்றைத் தேடவில்லை. ஒரே கம்பெனியின் குழாய் போகிற பேரிஷ்களில்தான் சாவு குவிகிறது என்பதைப் பட்டியலே காட்டியது. கம்பெனியின் பொறியாளர் பத்திரிகைக்கு எழுதினார்: வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுகூட விடவில்லை. அப்புறம் வாடிக்கையாளர்கள் வீட்டுக் குழாயிலிருந்து விலாங்கு மீன் வந்தது.