ஒடனாக்கில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

1759 அக்டோபர் 4 விடியற்காலையில், கனடாவிலுள்ள ஒடனாக் என்னும் அபெனாகி பழங்குடியினரின் ஊரைத் தாக்கிய பிரிட்டிஷ் தரப்புப் படைத்தலைவர் ராபர்ட் ரோஜர்ஸ், குறைந்தது 200 பேரைக் கொன்றதாகத் தன் மேலதிகாரியான தளபதி ஆம்ஹர்ஸ்டுக்கு எழுதியதை, இத்தாக்குதலைப் பற்றி நான் படித்த கட்டுரை அப்படியே ஏற்றிருப்பது வருத்தமளிக்கிறது. அப்போது அபெனாகியரின் கூட்டாளிகளாக இருந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவுகளோ சுமார் 30 பேர் என்றும், அவர்களில் 20 பேர் பெண்களும் குழந்தைகளும் என்றும் சொல்கின்றன. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்பது ஆம்ஹர்ஸ்டின் கட்டளை என்பதால், ரோஜர்ஸின் அறிக்கையை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். இழப்பைக் குறைத்துக் காட்டப் பிரெஞ்சுக்காரர்களுக்கும் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் முதல்நாள் இரவே எச்சரிக்கை கிடைத்துப் பலர் ஊரைவிட்டு வெளியேறி ஒளிந்துகொண்டார்கள் என்று அபெனாகியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வாய்மொழி வரலாறு, பிரெஞ்சுக் கணக்குடன்தான் பொருந்துகிறது. தாக்கப்பட்டவர்களின் அந்தச் சாட்சியத்தை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாதது பெரிய குறை.